வியூ போயிடும் சார்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி, ஒரு பண்ணை வீட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகளை எனக்குச் சுற்றிக் காட்டினார்கள். மனம் குளிர்ந்துபோனது. எட்டடி மதில். மதிலின் தலையில் உடைந்த பாட்டில் கண்ணாடி. அதற்கும் மேலே மின்கம்பி. வாசலில் சீருடை போட்ட வாட்ச்மேன், அவருக்குத் துணையாக ஒரு ராட்வைலர். பதினாறு கேமரா. வாசற்கதவு கைரேகை வைத்தால்தான் திறக்கும். வெளிநாட்டுச் சரக்கு அடுக்கிய அலமாரிக்குத் தனிப் பூட்டு, சாவி வீட்டுக்காரர் பையில். தென்னை மரத்தில் எலி ஏறாதபடி தகரப் பட்டை. புதிதாக நட்ட காகிதப்பூச் செடியை ஆடு மேய்ந்துவிடக் கூடாதென்று அதற்கும் ஒரு கம்பிக் கூண்டு.

இத்தனைக்கும் நடுவில், ஹாலின் கண்ணாடிக் கதவை ஒருபக்கம் தள்ளினால் பத்து எட்டில், நாலரை அடி ஆழத்துக்குத் தண்ணீர். நீல மொசைக், அடியில் நிறம் மாறும் விளக்கு, மிதக்கவிட்ட மஞ்சள் வாத்து ஒன்று. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் மூன்றடி சொச்சம். அந்தத் தண்ணீரைச் சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை.

"வேலி போடலியா?" என்று கேட்டேன்.

விவரம் தெரியாத ஆளிடம் பேசும் கனிவோடு வீட்டுக்காரர் சொன்னார்: "வியூ போயிடும் சார்."

நியாயமான பதில். அந்த வீட்டில் போகக்கூடியவை எவையெவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். திருடன் வந்தால் டிவி போகும், மதில் எழுப்பினார்கள். ஆடு வந்தால் செடி போகும், கூண்டு வைத்தார்கள். மைத்துனர் வந்தால் ஸ்காட்ச் போகும், பூட்டுப் போட்டார்கள். வேலி வந்தால் வியூ போகும், வேலியை விட்டுவிட்டார்கள். பிள்ளை போனால் அது தலையெழுத்து. தலையெழுத்துக்குப் பூட்டு எந்தக் கடையிலும் விற்பதில்லை. பாவம், அவர் என்ன செய்வார்?

குளம் வெட்டுமுன் அவர் நிபுணரைக் கலக்காமல் இல்லை. வாஸ்துக்காரர் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். முதலில் குளத்தைத் தென்மேற்கில் வரைந்திருந்தார்களாம். குடும்பத் தலைவருக்கு ஆகாது, ஈசானிய மூலைக்கு நகர்த்துங்கள் என்று சொல்லிவிட்டார். நகர்த்தினார்கள். பைப் லைன் மாற்றியது, ஃபில்டர் அறையை இடித்துக் கட்டியது என்று ஆன கூடுதல் செலவில் நாலு பக்கமும் வேலி போட்டு, கேட்டுக்கு வெள்ளிப் பூண் கட்டியிருக்கலாம். தென்மேற்கில் தண்ணீர் நின்றால் என்னென்ன கெடுதல் வரும் என்று அரைமணி நேரம் விளக்கிய மனிதர், எந்த மூலையில் நின்றாலும் தண்ணீருக்கு ஆளை மூழ்கடிக்கும் குணம் உண்டு என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. கண் திருஷ்டி கணபதி படத்தைக் குளத்தைப் பார்த்தபடி மாட்டியாயிற்று. இனிமேல் பொறுப்பு கணபதியுடையது.

கட்டட வரைபடம் போட்டவரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் காட்டிய கம்ப்யூட்டர் படத்தில் குளத்தோரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்வு நாற்காலியில் படுத்துப் புத்தகம் படிக்கிறாள். படத்தில் பிள்ளைகளே கிடையாது. கம்ப்யூட்டரில் வரைந்த குளத்தில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை.

இந்த வீடு வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறுவரை வாடகைக்கும் விடப்படுகிறது. ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். விளம்பரத்தில் 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் குழந்தை உட்கார ஒரு உயர நாற்காலி இருக்கிறது. அதற்கு இடுப்பில் பெல்ட் உண்டு. இட்லி தின்னும் பிள்ளை இரண்டடி கீழே விழுந்துவிடக் கூடாதே!

தனி வீட்டுக்காரர்தான் இப்படி, படித்தவர்கள் நாலு பேர் கூடி நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒழுங்கு இருக்கும் என்று நினைப்பவர்கள், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு குடியிருப்பின் குளத்தடிக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் படிக்கலாம். நைலான் உடை கட்டாயம். தலைக்குத் தொப்பி கட்டாயம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. வீட்டு வேலை செய்பவர்கள், டிரைவர்கள், வளர்ப்பு நாய்கள் அனுமதி இல்லை (மூவரும் ஒரே வரியில்). விருந்தாளியை அழைத்து வந்தால் தலைக்கு இவ்வளவு. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்போருக்கு அனுமதி இல்லை. பாக்கி வைத்திருப்பவர் மூழ்கினாலும் வட்டியோடு கட்டிவிட்டுத்தான் மூழ்க வேண்டும் போலிருக்கிறது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள்: குளத்தைப் பயன்படுத்துவோர் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்த வேண்டும், விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது. இரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பலகையின் கீழே நின்று எழுத்துக் கூட்டிப் படித்து, 'சம்மதம்' என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே விழும் என்பது நிர்வாகக் குழுவின் துணிபு.

பருத்தித் துணி இறங்கினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் குளத்தடியில் ஆளே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு லைஃப்கார்டு என்று பெயர். காலையில் குளோரின் போடுவார், வலை வைத்து இலை அள்ளுவார், பத்து மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார், சாயங்காலம் யார் என்ன ஜட்டி போட்டிருக்கிறார்கள் என்று சோதிப்பார். நீச்சல் தெரியுமா அண்ணே என்று ஒருவரைக் கேட்டேன். "சம்பளம் ஒம்பதாயிரம் சார்" என்றார். அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

ஒரு குடியிருப்பின் பொதுக்குழுவில் ஒரு பெண் எழுந்து குளத்துக்கு வேலி கேட்டார். ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் கடமை என்றார். இன்னொருவர், வேலி போட்டால் ஜெயில் மாதிரி இருக்கும், மறுவிற்பனை விலை இறங்கும் என்றார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற அதிகாரி. இதை ஆராயத் துணைக்குழு அமைக்கலாம் என்றார். அடுத்த தீர்மானம் ஜிம்முக்குக் கூடுதல் ஏசி. கைதட்டி நிறைவேற்றினார்கள். துணைக்குழு இன்றும் இருக்கிறது, உறுப்பினர்கள்தான் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

பண்ணை வீட்டுக்காரரிடம் இரண்டாவதாக ஒரு பதிலும் இருந்தது. "நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல, பார்த்துக்க மாட்டமா?"

இத்தனை பேர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்க வேண்டும். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்திருக்கிறார்கள். பெரியப்பா குளத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார். கண் மட்டும் செல்போனில், அதில் யாரோ முழங்கால் வலிக்கு வெந்தயம் சொல்கிறார். பிள்ளை மேல் கண்ணாக இருந்த சித்தி, பந்திக்கு ஆள் கூப்பிட்டதும் 'அண்ணன் இருக்காருல்ல' என்று எழுந்து போனாள். அந்த அண்ணனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. பிள்ளையின் அப்பா மூன்றாவது கிளாஸில் இருக்கிறார். நாட்டின் பொருளாதாரம் எங்கே போகிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும், மகன் எங்கே போகிறான் என்று தெரியாது. அம்மா சமையலறையில். குளக்கரை விருந்தானாலும் மலையுச்சி விருந்தானாலும் அவளுக்கு விதித்த இடம் அதுதான். ஆனால் கூப்பாடு கேட்டதும் முதலில் கூண்டில் ஏற்றப்படப் போகிறவள் அவள்: "நீ என்னடி பண்ணிட்டிருந்தே?"

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கலிஃபோர்னியா, அரிசோனா, ஃபுளோரிடா மாநிலங்களில் வீட்டுக் குளங்களில் மூழ்கிய சின்னப் பிள்ளைகளைப் பற்றி முன்பே ஒரு ஆய்வு செய்தது. நூற்றில் 77 பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைந்து ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் ஆகியிருந்தது. நூற்றில் 69 பிள்ளைகள் அந்த நேரத்தில் குளத்துப் பக்கம் போயிருப்பார்கள் என்று வீட்டில் யாரும் நினைக்கவே இல்லை. குளிக்கிற நேரத்தில் எல்லோரும் விழிப்பாகத்தான் இருப்பார்கள். குளித்து முடித்துத் தலை துவட்டி, அப்பாடா என்று சாப்பிட உட்காரும்போது, மிதக்கவிட்ட மஞ்சள் வாத்தை எடுக்க ஒருவன் மட்டும் திரும்பிப் போகிறான்.

அவன் போனதும் கூப்பிடுவான், கத்துவான், கையை ஆட்டுவான் என்று காத்திருக்கிறோம். எல்லாம் சினிமா கொடுத்த கல்வி. நம் படங்களில் தண்ணீரில் விழுந்தவள் மூன்று முறை மேலே வந்து, ஒவ்வொரு முறையும் தெளிவான உச்சரிப்பில் 'காப்பாத்துங்க' என்று கத்துவாள். கரையில் கதாநாயகன் சட்டையைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டுக் குதிக்க நேரம் இருக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா, நிஜமாக மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடி மூச்சை விட்டு இழுக்கவே போதாது, பிறகல்லவா பேச்சு! கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. உடம்பு தானாகவே இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துத் தண்ணீரை அமுக்கப் பார்க்கிறது. 20 நொடியிலிருந்து 60 நொடிக்குள் எல்லாம் முடிந்து உள்ளே போய்விடுகிறது. தூரத்திலிருந்து பார்க்கிற பெரியப்பாவுக்குப் பிள்ளை சமர்த்தாக விளையாடுவது போலத்தான் தெரியும். அதன் பிறகு காற்றுப் போகாத மூளை கெடத் தொடங்க நாலைந்து நிமிடம். வெந்தய வீடியோவே ஆறு நிமிடம்.

பதினாறு கேமராவில் ஒன்று குளத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதன் பயன் மறுநாள் தெரியும். வாட்ஸாப்பில் அந்தக் காட்சி சோக இசையோடு ஊரெல்லாம் சுற்றும். மூன்று அழுகிற முகம் போட்டு 'பெற்றோர்களே உஷார்' என்று அனுப்பிவிட்டு, அனுப்பியவர் அடுத்த வாரக் குளியலுக்கு முன்பதிவு செய்வார்.

இந்த இடத்தில்தான் வேலி என்ற அற்பப் பொருளின் அருமை வருகிறது. நாலு பக்கமும் குளத்தை மட்டும் தனியாகச் சுற்றி அடைத்த வேலி இருந்தால், வீட்டையும் சேர்த்து மூன்று பக்கம் மட்டும் அடைத்த வேலியைவிடப் பிள்ளைகள் மூழ்கும் ஆபத்து 83 சதவீதம் குறைவு என்பது அமெரிக்கக் கணக்கு. நாலாவது பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. "எட்டடி மதில் இருக்கே சார், வேற வேலி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பேரன் மதில் ஏறிக் குதித்து வரப்போவதில்லை. ஹாலிலிருந்து வருவான். மதிலுக்கு உள்ளே பிறந்தவனை மதில் எப்படித் தடுக்கும்?

சிட்னியில் ஹோம்புஷ்ஷிலோ டூங்காபியிலோ வீடு வாங்கிய நம் ஆட்கள் இதை நன்றாக அறிவார்கள். அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-லிருந்து நீச்சல் குளச் சட்டம் இருக்கிறது. வேலி 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கேட் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், கையை எடுத்தால் தானாகச் சாத்தித் தானாகத் தாழ் விழ வேண்டும். பிள்ளை கால் வைத்து ஏறும்படி வேலி அருகே பூந்தொட்டியோ நாற்காலியோ இருந்தால்கூடச் சான்றிதழ் கிடையாது. மூச்சு நின்றவருக்கு என்ன செய்வது என்ற விளக்கப் பலகை குளத்தருகே தொங்க வேண்டும். 2016-லிருந்து அந்தச் சான்று இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட முடியாது. கடையில் வாங்கிக் காற்றடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்குமென்றால், இதே சட்டம்தான்.

நம் அண்ணன் அங்கே இதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்கிறார். அடிக்குச்சி வைத்து அளந்து, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, கவுன்சில் ஆளுக்குக் காபி கொடுக்கிறார். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு சென்னை வருகிறார். கேளம்பாக்கம் பக்கம் வாங்கிப் போட்ட வில்லாவில் குளம் இருக்கிறது, வேலி இல்லை. ஏன் அண்ணே என்றால், "அங்க ஃபைன் போட்டுடுவான்யா" என்கிறார். அவர் மகனைச் சிட்னியில் காப்பாற்றி வந்தது அபராதச் சீட்டு. விமானம் ஏறும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதுவரை சொன்னது காசு உள்ளவன் தன் காசில் தன் பிள்ளைக்கு வெட்டும் குழி. அதை அவரவர் கூறுகெட்டதனம் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருக்கிறது.

அந்தப் பண்ணை வீட்டின் பின்புறம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. வாட்ச்மேன் குடும்பம் அங்கே இருக்கிறது. செய்யாறு பக்கமோ, ஒடிசாவோ, நேபாளமோ, எங்கிருந்தோ வந்தவர்கள். வாட்ச்மேன் இரவெல்லாம் கேட்டில் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறார். மனைவி பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், துடைக்கிறாள், விருந்து நாளென்றால் நள்ளிரவுவரை எடுபிடி. நாலு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாகப் பிள்ளைகள். வார நாட்களில் வீட்டுக்காரர் இல்லை, விருந்தாளி இல்லை, பிரியாணி இல்லை. நீலத் தண்ணீர் மட்டும் வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு உண்டு, தண்ணீர் அழுக்காகிவிடும். உத்தரவை நிறைவேற்ற வேலி கிடையாது.

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வருகிற செய்தி இப்படித்தான் உருவாகிறது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, தவறி விழுந்து, பரிதாபச் சாவு, போலீசார் விசாரணை. வீட்டுக்காரர் பெயர் இருக்காது. வாட்ச்மேன் பெயர் இருக்கும், வயது இருக்கும், சொந்த ஊர் இருக்கும். சந்தேக மரணம் என்று முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் எழுதினார்கள், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டப்படி 194 என்று எழுதுகிறார்கள். அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்குப் புதுத் தண்டனைச் சட்டத்தில் 106 என்று ஒரு பிரிவும் உண்டு, ஐந்தாண்டுவரை சிறை. அந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். "புள்ள போயிடுச்சு, இனி கேஸ் போட்டு என்ன வரப்போகுது? அய்யா உன் மேல பிரியமா இருக்காரு. ஊருக்குப் போய்க் காரியத்தைப் பாரு, செலவு நம்முது." பேசி முடித்தாயிற்று. குளத்தைக் காலி செய்து, ஆசிட் விட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒரு பரிகார ஹோமம். மூன்றாவது வாரம் முன்பதிவு திறக்கும். புது வாட்ச்மேனை எடுக்கும்போது மட்டும் வீட்டுக்காரர் முன்ஜாக்கிரதையாக ஒன்று கேட்கிறார்: "சின்னப் புள்ளைங்க இருக்கா?" இருந்தால் வேலை இல்லை. வேலி செலவு மிச்சம்.

அமெரிக்காவிலும் யோக்கியம் தானாக வந்துவிடவில்லை. 2002-ல் வர்ஜீனியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை வெந்நீர்த் தொட்டியின் அடியிலிருந்த உறிஞ்சுகுழாய் பிடித்துக்கொண்டது. மூன்று வயதிலிருந்து நீந்தத் தெரிந்தவள். தாய் இழுத்துப் பார்த்து முடியாமல், ஆண்கள் இருவர் சேர்ந்து இழுத்ததில் குழாயின் மூடியே உடைந்துதான் அவள் வெளியே வந்தாள். பிழைக்கவில்லை. அவள் முன்னாள் வெளியுறவுத் துறைச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. தாய் விடாமல் அலைந்து, 2007-ல் அவள் பெயராலேயே வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது. அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளைக்கே சட்டம் வர ஐந்து வருடம். நம் செய்யாறு வாட்ச்மேனின் பிள்ளைக்கு எத்தனை வருடம் என்று சட்டசபையில் யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் தேவலை.

வெளியே எடுத்த பிள்ளைக்கு நாம் செய்யும் வைத்தியம் தனிக் கொடுமை. இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டாமாலை சுற்றுகிறார்கள். வயிற்றில் முழங்காலை வைத்து அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். உப்பு மூட்டையில் புதைத்தால் உயிர் வரும் என்று ஒரு வாட்ஸாப் மருத்துவம் வேறு நாடு முழுக்கச் சுற்றுகிறது. பிள்ளைக்கு வேண்டியது காற்று. மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுவதும், நெஞ்சின் நடுவில் அமுக்குவதும், இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐக் கூப்பிடுவதும்தான் வேலை. தண்ணீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதாது, மூச்சு கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சங்கதி. வீட்டுக்காரர் காக்டெயில் கலக்கும் பயிற்சிக்கு இரண்டு நாள் போய் வந்தவர், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

நீச்சல் குளம் பணக்காரன் பாடு, நமக்கென்ன என்று யாராவது இதற்குள் நிம்மதியாகச் சாய்ந்திருந்தால், எழுந்து போய் வாசலில் சம்ப் மூடியைப் பார்த்துவிட்டு வரவும். தண்ணீர் லாரி வந்ததும் மூடியைத் தூக்கி ஓரம் வைத்து, ஹோஸைச் சொருகிவிட்டு, லாரிக்காரரிடம் சில்லறைக்காக மல்லுக்கட்டும் அந்தப் பத்து நிமிடம் நம் வீட்டிலும் திறந்த குளம்தான். குளியலறையில் பாதி நிறைந்த பக்கெட் போதும். நடை பழகும் பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை கனம், எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர வராது. பெரிய குளத்துக்குக் கேட்கிற வேலியை இதற்குக் கேட்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கலாம், சம்புக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டலாம்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் குழிக்குள் விழுந்தபோது தமிழ்நாடே தீபாவளியை மறந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. அமைச்சர்கள் களத்தில் நின்றார்கள், சேனல்கள் இமைக்காமல் காட்டின. அதே நாட்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில், அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தின் இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தாள். அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளை குழிக்குள் போன பிறகு கோடி பேர் கண்ணீர் விட ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசும் ஊடகமும், போகாமல் தடுக்க ஒரு மூடி போடச் சொல்லி வீடு வீடாக வந்ததுண்டா? 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வந்தார்களே, ஓட்டுக்கு ஓடு ஏறிப் பார்த்தார்களே! கூரையில் விழுகிற தண்ணீருக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த கைகள்தான் இவை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மட்டும் உலகெங்கும் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாகச் சொல்கிறது, அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அன்றைக்கு ஒரு ரிப்பன் வெட்டு, உறுதிமொழி, சமோசா.

பண்ணை வீட்டுக்காரர் கடைசியில் வேலி போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு மறுபடி போனேன். உண்மைதான். நாலு பக்கமும் கண்ணாடி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கேட், வெளிநாட்டுத் தாழ்ப்பாள். மனசாட்சி எப்போது விழித்தது என்று விசாரித்தேன். பொங்கலுக்கு வாங்கிய ஷிட்ஸூ நாய்க்குட்டி குளத்தில் விழுந்துவிட்டதாம். அறுபதாயிரம் ரூபாய்க் குட்டி. நல்லவேளை, வாட்ச்மேன் குதித்து எடுத்துவிட்டார். வீட்டம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை, மூன்றாம் நாள் வேலிக்காரர் வந்துவிட்டார்.

"இப்ப திருப்திதானே உங்களுக்கு?" என்றார் வீட்டுக்காரர். திருப்தியாகத்தான் இருந்தது, கேட் பக்கம் போகும்வரை. அது விரியத் திறந்து கிடந்தது. தானாகச் சாத்திவிடாதபடி அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தட்டு எடுத்துப் போகிற பையன்களுக்கு ஒவ்வொரு தடவையும் திறந்து மூடச் சிரமமாம். குட்டியைத்தான் போன மாதம் மகள் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டாளே, இனி என்ன என்றார்.